இரண்டாவது வருஷம்தான் கஷ்டம்!

அஞ்சு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் ஒரு நாள் முக்கால் இட்லியோடு கை கழுவ எழுந்தால் வீட்டில் என்ன நடக்கும்? முதல் வாரம் எல்லோரும் பரிதாபப்படுவார்கள். அடுத்த மாதம், "ஏனுங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கோங்க" என்று கெஞ்சுவார்கள். ஆறாம் மாதம் ஊரே, "அட, ஆளே மாறிட்டீங்களே!" என்று வாய் பிளக்கும். ஒரு வருஷம் போனால்..? ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவருக்குத் துணை அதிகமாகத் தேவைப்படுவது அப்போதிலிருந்துதான்.

திருப்பூரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் இங்கே ராத்திரி, பகல் கிடையாது. வெளிநாட்டுப் பையர் அங்கே காலையில் கண் விழித்து மெயில் அனுப்பும்போது இங்கே மெர்ச்சண்டைசர் மதியச் சாப்பாட்டையே முடித்திருக்க மாட்டார். பவர் டேபிளில் பகல் முழுக்க உட்கார்ந்தபடி வேலை. நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு யூனிட்டாக ஓடுகிற முதலாளிக்கோ ஓட்டமெல்லாம் காருக்குள்தான்! நடுநடுவே சர்க்கரை போட்ட டீ, கூடவே ஒரு வடையோ பப்ஸோ. வீட்டுக்குப் போகிற வழியில் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா. உடம்பு என்ன செய்யும், பாவம்!

இது ஒரு ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். ஐந்து வருஷம் முன்னால் எடுத்த கணக்கில் பெண்கள் 30.9 சதவீதம்தான் இருந்தார்கள். எவ்வளவு வேகம் பாருங்கள்!

இவர்களில் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நடை, சாப்பாடு, மருந்து எல்லாம் பார்த்தும் குறையாமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கிறவர்களுக்குத்தான் டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். திருப்பூர்க்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவைக்குப் போகிறார்கள். டாக்டர் சி.பழனிவேலு போன்றவர்கள் 1990-களிலேயே அங்கே லேப்ராஸ்கோப்பியை வேரூன்ற வைத்துவிட்டதால், வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டுச் செய்கிற வித்தை நம் பக்கத்துக்குப் புதிதில்லை.

என்னதான் செய்கிறார்கள்? அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி ஒரு பை. பசியைத் தூண்டும் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடுகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதோடு இணைக்கிறார்கள். இந்த முறைக்கு அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் 1966-ல் அடிபோட்டார். ஆக, இது நேற்றைய ஃபேஷன் இல்லை.

நான் இந்த ஆபரேஷனுக்கு எதிரி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட குண்டானவர்களையும் செய்துகொள்ளாத குண்டானவர்களையும் இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்கள் சராசரியாக மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020-ல் வந்த முடிவு சொல்கிறது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. மூன்று வருஷம் கூடியும், மற்ற பொதுமக்களைவிட அவர்கள் ஆயுள் ஐந்தரை வருஷம் குறைவாகவே இருந்தது. கத்தி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதி வேலை யாருடையது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 8,815 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் அளவு, ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று வருஷத்தைவிடப் பிந்தைய மூன்று வருஷத்தில் சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது. மொத்தத்தில் அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான், பயந்துவிட வேண்டாம். ஆனால் அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை எப்போது நடந்தன தெரியுமா? ஆபரேஷன் முடிந்த இரண்டாவது, மூன்றாவது வருஷங்களில்!

யோசித்தால் காரணம் பிடிபடுகிறது. முதல் வருஷம் தராசு முள் இறங்கிக்கொண்டே போகும். பழைய சுடிதார் தொளதொளக்கும், புதுசு எடுக்க வேண்டியிருக்கும். எல்லோரும் பாராட்டுவார்கள். பிறகு ஒரு நாள் முள் நின்றுவிடும். சிலருக்கு இரண்டு, நாலு என்று திரும்பி ஏறவும் ஆரம்பிக்கும். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும். எடை போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்த வீட்டுச் சண்டை, கடன், மாமியார் பேச்சு எல்லாம் அப்படியே இருக்கும். முன்பெல்லாம் மனசு கஷ்டப்பட்டால் ஒரு தட்டு சோறோ, ஒரு டப்பா மிக்சரோ ஆறுதல் தந்தது. இப்போது அதுவும் உள்ளே போகாது. கோவைக்கு செக்கப் போவதும் அதற்குள் நின்றிருக்கும். "நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு ஒரு நாள் கம்பெனியை விட்டுட்டு அலையணும்?"

இந்த நேரத்தில் பேச ஆள் வேண்டும். அதுவும், இதே பாதையில் தனக்கு முன்னால் நடந்துபோன ஆள்.

தலைமுடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். எடை வேகமாகக் குறைவதால் வருகிற அதிர்ச்சி அது. புரதமும் சத்து மாத்திரையும் சரியாகப் போனால் பெரும்பாலும் தானே திரும்ப முளைத்துவிடும். இதை டாக்டர் சொல்லியிருப்பார், டிஸ்சார்ஜ் தாளிலும் எழுதியிருக்கும். ஆனாலும் குளியலறையில் கை நிறைய முடியோடு அழுதுகொண்டு நிற்கிற பெண்ணுக்கு அந்தத் தாளா ஞாபகம் வரும்? "அழாதீங்க அக்கா, எனக்கும் நாலாம் மாசம் இப்படித்தான். இப்பப் பாருங்க என் சடையை" என்று ஒருத்தி சொன்னால் போதும். அந்த ராத்திரி தூக்கம் வரும்.

டீயும் அப்படித்தான். பைபாஸ் செய்துகொண்டவர் வெறும் வயிற்றில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயோ ஜூஸோ குடித்தால், அது சட்டென்று குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று ஆளையே சாய்த்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் "சுகர் இறங்கிருச்சு" என்று இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடுவார்கள். போச்சு! கம்பெனியில் டீ டைமில் எப்படித் தப்பிப்பது, கல்யாணப் பந்தியில் இலையில் விழும் ஜாங்கிரியை என்ன செய்வது, "எங்க வீட்டுல கை நனைக்காமப் போறீங்களே" என்று கோபித்துக்கொள்ளும் சம்பந்தியை எப்படிச் சமாதானப்படுத்துவது... எந்த மருத்துவப் புத்தகத்திலும் இதற்குப் பதில் கிடையாது. கொங்கு நாட்டு உபசரிப்பைத் தாக்குப்பிடித்த இன்னொருவரிடம்தான் கேட்க வேண்டும்.

புரதக் கணக்கும் அங்கேதான் புரியும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பார்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். இத்தனூண்டு வயிற்றில் 60 கிராமை எப்படி அடைப்பது? முதலில் முட்டை, பயறு, பன்னீர், கோழி, சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது. அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைப்பது. இதெல்லாம் நம் அடுப்படியில் செய்து பார்த்தவர்கள் சொன்னால்தான் நம் நாக்குக்கு ஒத்துவரும். எங்கோ அச்சடித்த டயட் சார்ட்டில் ஓட்ஸும் புரோக்கோலியும் இருந்தால், அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து அழகு பார்க்கலாம்.

இப்படிச் சந்திக்க ஆட்கள் ஏன் கிடைப்பதில்லை? ரகசியம்தான் காரணம்! வயிற்றில் கல் எடுத்தேன், குடலிறக்கம் என்று சொல்லி ஊருக்கு மறைக்கிறார்கள். "வாக்கிங் போறேனுங்க, நைட்டு சப்பாத்தி" என்று சிரித்து மழுப்புகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இன்னொரு குண்டான பெண், தானும் சப்பாத்தி சாப்பிட்டுப் பார்த்து, இறங்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறாள். நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார்கள், நாடே அறியும். மந்திரி பதவிக்கே குறைச்சல் வரவில்லை. நமக்கு மட்டும் என்ன குறைந்துவிடும்?

ஆனால் பெண்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமில்லை, ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொண்டதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். எடை குறைந்தால் மாதவிலக்கு ஒழுங்காகி, கரு தங்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆபரேஷன் முடிந்து ஒன்று முதல் ஒன்றரை வருஷமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள் டாக்டர்கள். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாதபோது அந்தப் பெண் எப்படித் தள்ளிப்போடுவாள்? "ஏம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று மூன்றாம் மாதமே கேள்வி வரும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே முடிவெடுத்த மாநிலம் நம்முடையது. 75 கிராம் குளுகோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் செய்ததை மறைத்த பெண் அதை ஒரே மூச்சில் குடித்தால் மயங்கி விழக்கூடும். வேறு விதமாகப் பரிசோதிக்க வழி இருக்கிறது. ஆனால் டாக்டருக்குத் தெரிந்தால்தானே? இரும்புச் சத்து, பி-12, ஃபோலிக் அமிலம் என்று தாய்க்கும் குழந்தைக்கும் வேண்டிய கணக்கே வேறு. ஊருக்கு மறைத்தாலும் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும், கட்டிய கணவனுக்கும் மறைக்காதீர்கள். அதற்குத் தைரியம் சொல்ல, மறைத்துப் பட்ட இன்னொரு பெண்ணைவிடப் பொருத்தமானவர் யார்?

மெடிக்கல் ஷாப் விஷயமும் உண்டு. பகலெல்லாம் குனிந்து வேலை செய்து இடுப்பு வலித்தால், "ஒரு வலி மாத்திரை கொடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வது நம் வழக்கம். பைபாஸ் செய்தவர்களுக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் இணைப்பு போட்ட இடத்தில் புண்ணை உண்டாக்கும். சனிக்கிழமைச் சாயங்காலப் பழக்கம் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் ஏறும் வேகமே தனி. சாப்பாட்டில் கிடைத்த சுகத்தைக் குடியில் தேடி, இரண்டாவது வருஷத்துக்கு மேல் அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மனைவிமார்கள் கவனிக்க!

ஒரே கஷ்டம் உள்ளவர்கள் சேர்ந்து உட்காருவது புது யோசனை ஒன்றும் இல்லை. குடியை விட முடியாத இருவர் 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் பேசிக்கொண்டதில்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது. நியூயார்க்கில் ஜீன் நைடெச் என்ற குடும்பத் தலைவி, டயட்டில் இருந்தும் பிஸ்கட்டை விட முடியவில்லையே என்று 1961-ல் ஆறு சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்துப் புலம்பினார். அதுதான் பிறகு 'வெயிட் வாட்சர்ஸ்' ஆனது. அவ்வளவு தூரம் போவானேன்? தர்மபுரி மாவட்டத்தில் 1989-ல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் இல்லை? கடனைப் பற்றிக் கூச்சமில்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு, உடம்பைப் பற்றிப் பேசவா தெரியாது?

"ஆஸ்பத்திரியிலேயே மீட்டிங் போடறாங்களே" என்பீர்கள். போடுகிற இடங்களில் போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த மேடையில் ஏறுவது யார்? 130 கிலோவிலிருந்து 75-க்கு வந்தவர். முன்னால், பின்னால் என்று இரண்டு போட்டோ, கைதட்டல், பூங்கொத்து. 75-லிருந்து மறுபடி 95-க்குப் போனவர் கடைசி வரிசையில்கூட இருக்க மாட்டார். வெட்கப்பட்டு வருவதையே நிறுத்தியிருப்பார். எனக்குக் கேட்டால், அந்தக் கூட்டத்தில் முதல் நாற்காலி அவருக்குத்தான் போட வேண்டும். ஏறிய எடைக்கு என்ன செய்யலாம், டாக்டரிடம் எப்போது திரும்பப் போக வேண்டும் என்று அவரிடம்தான் செய்தி இருக்கிறது. ஜெயித்தவர்களை மட்டும் காட்டுகிற கூட்டம் விளம்பரக் கூட்டம். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வெளியே, திருப்பூரிலேயே ஒரு இடம் வேண்டும் என்கிறேன். டாக்டரோ டயட்டீஷியனோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து சந்தேகம் தீர்க்கட்டும். தலைமை தாங்க வேண்டாம்.

கூட்டம் என்றால் அதற்கும் ஆபத்து உண்டு. "நான் பி-12 ஊசியை நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று ஒருவர் சொன்னால் பத்து பேர் நிறுத்துவார்கள். பி-12 குறைபாடு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்து, பிறகு நரம்பில் கை வைக்கும். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க. இதில் பேச்சே இல்லை. புரதப் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, "நீங்களும் மெம்பர் ஆகுங்க" என்று வருகிற ஆளை வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். யார் எத்தனை கிலோ குறைத்தார் என்ற போட்டியும் வேண்டாம்.

சில விஷயங்களில் நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கவே கூடாது. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் நெஞ்சு படபடப்பு அடங்காமல் ஓடுவது, காய்ச்சல், வயிற்றிலோ தோள்பட்டையிலோ கடுமையான வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்குவது... உடனே ஆஸ்பத்திரிதான். எப்போது வந்தாலும், நாள் கணக்கில் நிற்காத வாந்தியும் அப்படியே. தயமின் என்ற வைட்டமின் தீர்ந்துபோய் மூளையையே பாதிக்கும். சென்னைப் பக்கம் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் 2024 ஏப்ரலில் இறந்துபோனார், அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. நல்ல மையங்களில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆனாலும் அந்த ஒருவர் ஒரு வீட்டுப் பிள்ளை இல்லையா? ஆபரேஷனுக்கு முன்பே, ஏற்கெனவே செய்துகொண்ட நாலு பேரிடம் பேசிவிட்டுப் போகிறவர் சரியான கேள்விகளைக் கேட்பார். "எத்தனை வருஷமாப் பண்றீங்க டாக்டர்? ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவதுன்னா யார் வருவாங்க?"

பணக் கணக்கையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் பிரச்னைகளும் சேர்ந்திருந்தாலோ மருத்துவ இன்சூரன்ஸில் இந்த ஆபரேஷனுக்கு இடம் உண்டு. காத்திருப்புக் காலம் முதலான நிபந்தனைகளைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். 160 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 40 என்பது சுமார் 102 கிலோ. ஆனால் அதற்குப் பின்னால் மாதாமாதம் வாங்கும் சத்து மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பெரும்பாலும் கைக்காசுதான். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் இரண்டாவது வருஷம் மாத்திரை நின்றுபோகிறது. 2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, "ஊசி இருக்கே, ஆபரேஷன் எதுக்கு?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது, பசியும் திரும்புகிறது. ஊசி போட்டுக்கொள்பவர்களும் நம் வட்டத்தில் வந்து உட்காரலாம், தப்பில்லை.

சரி, யார் ஆரம்பிப்பது? கோவை ஆஸ்பத்திரிகள் ஒரு சின்ன உதவி செய்யலாம். திருப்பூர்க்காரர் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது, ஏற்கெனவே சம்மதம் சொல்லிவைத்திருக்கும் பழைய திருப்பூர் நோயாளி ஒருவரின் போன் நம்பரைக் கையில் கொடுக்கட்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். இப்படி ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு நாளில், காலை பதினோரு மணிக்கு ஒரு பள்ளி வகுப்பறையோ யாராவது ஒருவர் வீட்டு மாடியோ போதும். பெயர் சொல்ல விரும்பாதவர்கள் சொல்ல வேண்டாம். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. பாதி நாள் வீட்டுக்காரர்களையும் கூட்டி வரச் சொல்லுங்கள். சமைக்கிற கைக்கும் பரிமாறுகிற கைக்கும் இது தெரிய வேண்டும். தராசு வைக்க வேண்டாம். டீயும் வடையும் வேண்டாம், உப்புப் போட்ட மோர் போதும். அதையும் அவரவர் வேகத்தில், ஒவ்வொரு வாயாகக் குடிக்கட்டும். அங்கேயாவது யாரும் "இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா?" என்று கேட்காமல் இருக்கட்டும்!